சிரிப்பும் ஒரு கட்டளை: யூதப் பண்டிகைகளில் நகைச்சுவையின் இடம்

யூதர்களின் ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்கப்படும்போது ஓர் உச்சரிப்புப் பிழை நேர்ந்தாலும் அருகில் நிற்பவர் வாசிப்பை நிறுத்தித் திருத்துவார். வேத வாசிப்பில் அவ்வளவு கண்டிப்பு. ஆனால் ஆதார் மாதம் 14ஆம் நாள், பூரீம் பண்டிகையன்று, அதே ஆலயத்தில் எஸ்தர் சுருள் வாசிக்கப்படும்போது காட்சி அடியோடு மாறிவிடுகிறது. குழந்தைகள் முகமூடி அணிந்து வந்திருப்பார்கள். பெரியவர்களில் பலர் வேடமிட்டிருப்பார்கள். கதையின் கொடியவனான ஆமானின் பெயர் வாசிப்பவரின் வாயிலிருந்து வந்ததும் கூட்டம் தரையில் காலை உதைக்கும், கூச்சலிடும், கிராகர் என்னும் மரக் கருவியைச் சுழற்றிக் கடகடவென்று ஓசை எழுப்பும். அந்தப் பெயர் காதில் விழாமல் அழிய வேண்டும் என்பதே நோக்கம். ஓசை அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருப்பார். சுருளின் ஒரு சொல்லும் கேட்பவர் காதுக்குத் தப்பக் கூடாது என்பதும் சட்டம் என்பதால், அடங்கிய பிறகே அடுத்த சொல்லுக்குப் போவார்.

ஆரவாரமும் சட்டமும் ஒரே அறையில் இப்படிக் கைகோத்து நிற்பது யூத மரபின் ஆழமான இயல்புகளில் ஒன்று. பிற சமயங்கள் பலவற்றில் திருவிழாச் சிரிப்பு வழிபாட்டுக்கு வெளியே, தெருவில் நிகழும். யூத மரபு அதைச் சட்ட நூலுக்குள் கொண்டுவந்தது. எப்போது சிரிப்பது, எதைப் பார்த்துச் சிரிப்பது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் விவாதித்தது. சிரிப்பைக் கடமையாக்கியதாலேயே அதற்குப் பொறுப்பையும் சுமத்தியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதைக்குள்ளேயே நகைப்பு

பூரீமுக்கு அடிப்படை எஸ்தர் புத்தகம். இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு மன்னனின் சூசான் அரண்மனையில் கதை நடக்கிறது. கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட பாரசீக மன்னன் செர்க்சஸே இந்த அகாஸ்வேரு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எஸ்தர் என்ற அரசிக்குப் பாரசீகச் சான்றுகள் இல்லை. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை வரலாற்றுப் பின்னணி கொண்ட புனைகதையாகவே படிக்கிறார்கள். எபிரெயத் திருமறையின் இந்த நூலில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை.

கதையை நிதானமாகப் படித்தால் அதன் நகைச்சுவை தானாகத் தெரியும். 180 நாள் விருந்து வைக்கும் பேரரசனால் தன் மனைவி வஸ்தியை அவைக்கு வரவைக்க முடியவில்லை. உடனே, ஒவ்வொரு ஆணும் தன் வீட்டில் அதிகாரத்தோடு இருக்க வேண்டும் என்று நாடெங்கும் அந்தந்த மொழியில் அரசாணை போகிறது. வீட்டில் தோற்ற மன்னனின் கோபம் பேரரசின் சட்டமாகிறது. இதே மன்னன்தான் பின்னர் அமைச்சன் ஆமானின் பேச்சைக் கேட்டு, யூத இனம் முழுவதையுமே அழிக்கும் ஆணைக்கு யோசனையின்றி முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறான். சிரிப்புக்கும் பயங்கரத்துக்கும் ஒரே ஊற்று: அதிகாரத்தில் அமர்ந்திருக்கும் முட்டாள்தனம்.

கதையின் உச்சம் ஆறாம் அதிகாரம். தூக்கம் வராத மன்னன் அரசவைக் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்கிறான். தன் உயிரைக் காப்பாற்றிய மொர்தெகாய் என்ற யூதருக்கு எந்த மரியாதையும் செய்யப்படவில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து ஆமான் வருகிறான். அவன் வந்திருப்பதோ மொர்தெகாயைத் தூக்கிலிட அனுமதி கேட்க. அரசன் பெருமைப்படுத்த விரும்பும் மனிதனுக்கு என்ன செய்யலாம் என்று மன்னன் கேட்கிறான். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்த ஆமான், அரச உடை, அரசன் ஏறும் குதிரை, நகர வீதியில் ஊர்வலம் என்று அடுக்குகிறான். அப்படியே மொர்தெகாய்க்குச் செய் என்று உத்தரவாகிறது. கடைசியில் மொர்தெகாய்க்காக நட்ட 50 முழத் தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான்.

இந்த ஊர்வலத்தை ரபிகள் எனப்படும் சமய அறிஞர்கள், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் இன்னும் விரித்தார்கள். குளிப்பாட்டவும் முடி வெட்டவும் வேறு ஆள் கிடைக்காமல் ஆமானே மொர்தெகாய்க்கு அந்தப் பணிகளைச் செய்கிறான். குதிரையேற அவனே குனிந்து முதுகைக் கொடுக்கிறான். ஊர்வலம் ஆமானின் வீட்டருகே வரும்போது அவன் மகள் மாடியிலிருந்து பார்க்கிறாள். குதிரையில் இருப்பவர் அப்பா, முன்னே நடப்பவன் மொர்தெகாய் என்று நினைத்துக் கழிவுச் சட்டியைக் கீழே நடப்பவன் தலையில் கவிழ்க்கிறாள். நிமிர்ந்து பார்த்த முகம் அப்பாவுடையது. அந்த அதிர்ச்சியில் மாடியிலிருந்து விழுந்து இறக்கிறாள். சட்டம் விவாதிக்கும் நூலிலேயே இந்தக் கொச்சையான நகைச்சுவை இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் தெருக்கூத்தாடிகள் அல்லர். சமயத்தின் உச்ச அறிஞர்கள்.

நான்கு கடமைகளும் ஒரு கோப்பையும்

பூரீம் நாளுக்குச் சட்டம் நான்கு கடமைகளை வகுத்திருக்கிறது: எஸ்தர் சுருளை இரவிலும் பகலிலும் கேட்பது, ஒருவருக்காவது இரண்டு வகை உணவு அனுப்புவது, ஏழைகள் இருவருக்காவது கொடை தருவது, பகலில் விருந்துண்பது. நான்கில் இரண்டு, பிறருக்குக் கொடுப்பது. மகிழ்ச்சி தனிமனித உணர்ச்சியாக விடப்படாமல், வீட்டுக்கு வீடு தட்டுத் தட்டாகக் கைமாறும் பொருளாக்கப்பட்டிருக்கிறது. தங்கள் விருந்துணவையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு உணவு அனுப்பும் கடமையை நிறைவேற்றிய இரண்டு அறிஞர்களைப் பற்றித் தல்மூத் பேசுகிறது.

விருந்தைப் பற்றிய விதிதான் மிகவும் விவாதிக்கப்பட்டது. ஆமான் சபிக்கப்பட்டவன், மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவர் என்ற வேறுபாடு தெரியாமல் போகும்வரை ஒருவர் மது அருந்த வேண்டும் என்பது நான்காம் நூற்றாண்டுப் பாபிலோனிய அறிஞர் ராவாவின் கூற்று. நன்மை தீமையைப் பிரித்தறிவதையே உயிராகக் கொண்ட ஒரு சமயம், ஆண்டில் ஒரு நாள் அந்த அறிவைத் தளர்த்தச் சொல்கிறது.

ஆனால் அதே பக்கத்தில் ஒரு கதையும் உண்டு. ரப்பா, ரபி ஸெய்ரா என்ற இரு அறிஞர்கள் சேர்ந்து பூரீம் விருந்துண்டார்கள். போதை தலைக்கேறியதும் ரப்பா எழுந்து ஸெய்ராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் தெளிந்ததும் கடவுளை வேண்டி உயிர்ப்பித்தார். அடுத்த ஆண்டும் விருந்துக்கு அழைத்தபோது, எல்லா நேரமும் அற்புதம் நடந்துகொண்டிருக்காது என்று சொல்லி ஸெய்ரா வர மறுத்துவிட்டார். சட்டத்தைச் சொன்ன கையோடு அதன் ஆபத்தையும் ஒரு நகைச்சுவைக் கதையால் சொல்லிவிடுகிறது தல்மூத். பின்வந்த சட்ட அறிஞர்களில் சிலர், இந்தக் கதையைக் குடிப்பதற்கு எதிரான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த ரபி மோசே இஸ்ஸர்லெஸ் இதற்கு அழகான வழி காட்டினார். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடித்துவிட்டுத் தூங்கினால் போதும். தூங்குபவனுக்கு ஆமானும் தெரியாது, மொர்தெகாயும் தெரியாது. கட்டளையும் நிறைவேறியது, கழுத்தும் தப்பியது.

தோரா ஆண்கள் பெண்ணுடையையும் பெண்கள் ஆணுடையையும் அணிவதைத் தடை செய்கிறது. பூரீம் அன்று வேடத்துக்காக அப்படி அணிவதை அனுமதித்தவரும் இஸ்ஸர்லெஸ்தான். மகிழ்ச்சியே நோக்கம் என்பது அவர் சொன்ன காரணம்.

புனித நூலையே பகடி செய்தல்

ஒரு சமயம் தன்மீது கொண்ட நம்பிக்கையை அளக்க, அது தன் புனித நூல்களைத் தானே கேலி செய்ய அனுமதிக்கிறதா என்று பார்க்கலாம். தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில் பிறந்த தத்துவ அறிஞர் கலோனிமுஸ் பென் கலோனிமுஸ், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் இருந்தபோது, ‘மஸ்ஸேகெத் பூரீம்’ என்ற நூலை எழுதினார். தல்மூதின் ஒரு பகுதியைப் போலவே கேள்வி, மறுப்பு, மேற்கோள், தீர்ப்பு என எல்லாம் அதில் உண்டு. பேசுபொருள் மட்டும் குடியும் தீனியும். பூரீம் விருந்தின் உணவு வகைகள் சீனாய் மலையில் மோசேக்கே அறிவிக்கப்பட்டவை என்ற அளவுக்கு விவாதம் போகிறது. தல்மூதின் நடையை அணுவணுவாக அறிந்தவருக்கே இப்படி எழுத வரும். படித்துச் சிரிப்பதற்கும் அதே படிப்பு வேண்டும். இந்நூலைக் கண்டித்த ரபிகளும் இருந்தார்கள். ஆனாலும் அதைப் பின்பற்றிப் பல நூற்றாண்டுகளுக்குப் பகடி இலக்கியம் பெருகியது. 1907இல் இஸ்ரேல் டேவிட்சன் நியூயார்க்கில் யூதப் பகடி இலக்கியம் பற்றித் தனி ஆய்வு நூலே வெளியிட்டார்.

தல்மூதுக்குள்ளேயே இந்தப் பகடிக்கு விதை இருக்கிறது. தவறிப்போன புறாக்குஞ்சு புறாக்கூட்டிலிருந்து 50 முழத்துக்குள் கிடந்தால் அது கூட்டின் சொந்தக்காரருக்கு, அதற்கப்பால் கிடந்தால் கண்டெடுத்தவருக்கு என்பது சட்டம். ஒரு கால் எல்லைக்கு உள்ளேயும் மறுகால் வெளியேயும் இருந்தால் என்று ரபி எரேமியா கேட்டார். அதற்காகவே அவரைப் பாடசாலையிலிருந்து வெளியேற்றினார்கள் என்று தல்மூத் குறிக்கிறது. வெளியேற்றியவர்கள் அவருடைய கேள்வியை அழித்துவிடவில்லை. அது இன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. மாணவர்கள் இன்றும் படித்துச் சிரிக்கிறார்கள்.

1803இல் தொடங்கப்பட்ட, இன்றைய பெலாரஸில் உள்ள வோலோஜின் பாடசாலையில் பூரீம் அன்று ஒரு மாணவனைப் ‘பூரீம் ரபி’யாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. அவன் தலைமை ஆசானின் இடத்தில் அமர்ந்து ஆசிரியர்களின் குரலையும் நடையையும் பேசிக் காட்டுவான். கிழக்கு, மத்திய ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு போய் எஸ்தர் கதையை யித்திஷ் மொழியில் நடித்துக் காசு வாங்கும் ‘பூரீம் ஷ்பில்’ குழுக்கள் இருந்தன. அகாஸ்வேரு நாடகம் ஒன்று 1708இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சாகியிருக்கிறது. 1876இல் ருமேனியாவின் யாஷ் நகரில் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் தொழில்முறை யித்திஷ் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, அதற்கு அடித்தளமாக இருந்த மரபுகளில் இந்தப் பண்டிகைக் கூத்தும் ஒன்று.

மணவீட்டிலும் கூடாரப் பண்டிகையிலும்

பூரீமோடு இந்தச் சிரிப்பு நின்றுவிடுவதில்லை. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் கூடாரப் பண்டிகையின் இரவுகளில் நீர் ஊற்றும் சடங்கையொட்டி விளக்கேற்றி ஆடுவார்கள். ரபன் சிமியோன் பென் கமாலியேல் எட்டுத் தீப்பந்தங்களை மாற்றி மாற்றி வீசிப் பிடித்தார், ஒன்றோடொன்று உரசவில்லை என்று தல்மூத் சொல்கிறது. ஆடியவர்கள் சாதாரண மக்கள் அல்லர் என்பதை 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் அழுத்திச் சொல்கிறார். பெரிய அறிஞர்களும் பாடசாலைத் தலைவர்களும் மூப்பர்களும் ஆடினார்கள், மக்கள் பார்த்தார்கள். கடவுள் முன்னிலையில் தன் கௌரவத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவரே பெரியவர் என்ற எண்ணம் இதன் அடியில் ஓடுகிறது.

திருமணத்திலும் இதே நிலைதான். மணமக்களை மகிழ்விப்பது சட்டப்படி விருந்தினரின் கடமை. ரபி சாமுவேல் பார் ஈசாக்கு மணப்பெண் முன்னால் மூன்று நறுங்கிளைகளை வீசிப் பிடித்து ஆடினார். கிழவர் நம்மை அவமானப்படுத்துகிறார் என்று முகம் சுளித்தவர் அதே ரபி ஸெய்ரா. ஆனால் சாமுவேல் இறந்தபோது அவருடைய உடலுக்கும் மக்களுக்கும் நடுவே நெருப்புத்தூண் ஒன்று நின்றதாகக் கதை முடிகிறது. அந்தத் தகுதியை அவருக்குத் தந்தது அந்த ஆட்டம்தான் என்று ஸெய்ராவே ஒப்புக்கொள்கிறார்.

கிழக்கு ஐரோப்பிய யூதத் திருமணங்களில் இந்தக் கடமை ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழில்காரருக்குப் ‘பத்கன்’ என்று பெயர். சடங்குக்கு முன்னால் மணப்பெண்ணை அமர்த்தி, பெற்றோரையும் இறந்தவர்களையும் நினைவூட்டும் சந்தப் பாட்டுகளால் அவளை அழ வைப்பார். சடங்கு முடிந்ததும் அதே நாவால் சம்பந்திகளையும் ஊர்ப் பெரியவர்களையும் கிண்டலடித்துக் கூட்டத்தைக் குலுங்க வைப்பார். வில்னாவில் பிறந்து 1889இல் நியூயார்க்கில் குடியேறிய எலியாக்கும் சுன்ஸர் இவர்களில் பெரும்புகழ் பெற்றவர். ஹசிதியச் சமூகங்களில் பத்கன் இன்றும் உண்டு.

ஆனால் இதே மணவீட்டுக்குத் தல்மூத் ஒரு கடிவாளமும் போட்டது. தன் மகன் திருமணத்தில் அறிஞர்களின் கும்மாளம் எல்லை மீறுவதைக் கண்ட ரவீனாவின் மகன் மார், 400 ஸூஸ் மதிப்புள்ள கோப்பையை எடுத்து வந்து அவர்கள் முன் உடைத்தார். சபை அமைதியானது. யூதத் திருமணங்களில் மணமகன் கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பதற்கு இடைக்கால உரையாசிரியர்கள் காட்டும் மூலம் இந்தக் கதைதான். பின்னாளில் எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைக்கும் செயலாகவும் அது பொருள் பெற்றது. இவ்வுலகில் வாய் நிறையச் சிரிப்பதே தகாது என்ற கூற்றும் தல்மூதின் அதே பகுதியில் இருக்கிறது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

யூத மரபு எல்லாச் சிரிப்பையும் வரவேற்றதாகச் சொல்ல முடியாது. சங்கீதப் புத்தகத்தின் முதல் பாடலே பரியாசக்காரரோடு சேராதவனைப் பாராட்டுகிறது. ஒருவரைப் பலர்முன் வெட்கப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்கு ஒப்பானது என்பது தல்மூதின் கடுமையான நிலைப்பாடு. அப்படியானால் எந்தச் சிரிப்புக்கு மதிப்பு?

இதற்கு விடையாக ஒரு கதை. ரபி பெரோக்கா, பாரசீகத்தின் குசிஸ்தான் பகுதியில் உள்ள பே லெஃபெத் சந்தையில் எலியா தீர்க்கதரிசியைச் சந்திக்கிறார். இந்தச் சந்தையில் மறுவுலகப் பேறுக்கு உரியவர் யாராவது உண்டா என்று கேட்கிறார். அவ்வழியே போன இருவரை எலியா காட்டுகிறார். ரபி போய் அவர்களிடம் தொழில் என்ன என்று விசாரிக்கிறார். நாங்கள் விகடம் செய்பவர்கள்; சோர்ந்திருப்பவர்களைச் சிரிக்க வைக்கிறோம், சண்டையிடும் இருவரைக் கண்டால் பாடுபட்டுச் சமாதானம் செய்து வைக்கிறோம் என்கிறார்கள். தல்மூதில் நோன்பைப் பற்றிப் பேசும் பகுதியில் இந்தக் கதை வருகிறது. சந்தை முழுவதிலும் எலியா காட்டிய வெகுசிலரில் இவர்களும் அடக்கம்.

அளவுகோல் இங்கே தெளிவாகிறது. தாழ்ந்தவரைத் தூக்குவதும் பகையைக் கரைப்பதும் சிரிப்பின் பணி. கற்பவரின் மனத்தைத் திறப்பதும் அதன் பணியே: ரப்பா தன் பாடத்தை ஒரு வேடிக்கைப் பேச்சோடு தொடங்குவாராம். மாணவர்கள் சிரித்து மனம் மலர்ந்த பிறகே பயபக்தியோடு அமர்ந்து கற்பிப்பாராம்.

அஞ்சியவர்களின் சிரிப்பும் அதன் இருண்ட பக்கமும்

பூரீமின் ஆரவாரத்துக்குப் பின்னால் அழிவின் அச்சம் எப்போதும் நின்றிருக்கிறது. பண்டிகைக்கு முந்தைய நாள் எஸ்தரின் நோன்பு. பிற்காலத்தில் அழிவிலிருந்து தப்பிய நாட்களும் இதைப் போலவே கொண்டாடப்பட்டன. 1614இல் வின்சென்ட்ஸ் ஃபெட்மில்ஷ் தலைமையிலான கும்பல் ஃபிராங்க்ஃபர்ட் யூதர்களைத் தாக்கி விரட்டியது. 1616இல் அவன் கொல்லப்பட்டு யூதர்கள் ஊர் திரும்பிய நாளை அவர்கள் ‘வின்ட்ஸ் பூரீம்’ என்று தனிப் பண்டிகையாக்கினார்கள். எகிப்தில் அகமது பாஷாவிடமிருந்து 1524இல் தப்பியதைக் கெய்ரோ யூதர்கள் இப்படியே கொண்டாடினார்கள். 1946 மார்ச் மாதம், வதைமுகாம்களில் உயிர் பிழைத்தவர்கள் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் அகதி முகாமில் பூரீம் நடத்தினார்கள். 1924இல் இட்லர் சிறையிருந்த ஊர் அது. அங்கே ஆமானின் இடத்தில் இட்லரின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். குடும்பம் முழுவதையும் இழந்த மனிதர்கள் அன்று வேடமிட்டு வீதியில் இறங்கியதை உயிர்த்திருப்பதன் அறிவிப்பாகவே பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எஸ்தர் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரம், யூதர்கள் தங்கள் பகைவர்களில் 75,000 பேரைக் கொன்றதாகச் சொல்கிறது. பிழைத்தவர்களின் கற்பனையாக இருந்தவரை அது ஒன்று. ஆயுதம் ஏந்தியவன் கையில் வேறொன்று. 1994 பிப்ரவரி 25, பூரீம் நாளன்று, எப்ரோனில் பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதத் தீவிரவாதி தொழுகையில் இருந்த முஸ்லிம்களைச் சுட்டு 29 பேரைக் கொன்றான். அப்பாவிகளை ஆமானாகக் கண்ட வெறி அது. வலியவனைப் பார்த்து வலுவற்றவன் சிரிக்க உருவான பண்டிகை, சிரிப்பவன் வலியவனாகும்போது என்ன ஆகிறது என்ற கேள்வி அன்று முதல் தவிர்க்க முடியாததாகிவிட்டது. எலியட் ஹாரோவிட்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு நூல், பூரீமுக்கும் வன்முறைக்கும் உள்ள உறவின் நீண்ட வரலாற்றைத் திறந்து பேசியது. ஒரு யூத அறிஞரே இதைச் செய்தது அந்த மரபின் வலிமை.

மைமோனிடஸின் தீர்ப்பு

இந்தக் கேள்விக்கான விடை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, மரபுக்குள்ளேயே இருக்கிறது. பூரீம் அன்று ஏழையா இல்லையா என்று ஆராயாமல் கைநீட்டிய எவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மைமோனிடஸ் ஒரு படி மேலே போகிறார். விருந்தையும் நண்பர்களுக்கு அனுப்பும் தட்டுகளையும் பெருக்குவதைவிட ஏழைகளுக்குத் தரும் கொடையைப் பெருக்குவதே மேல் என்கிறார். ஏழை, அநாதை, விதவை, அந்நியர் ஆகியோரின் உள்ளத்தை மகிழ்விப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அந்தப் பட்டியலில் அந்நியரும் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

யூதப் பண்டிகைகளின் சிரிப்பை இந்த அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும். அரசனின் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்ததும், தன் வேத நூலையும் ஆசானையும் பகடி செய்து தன்னையே பார்த்துச் சிரித்ததும், மணப்பெண் முன்னால் கிழவரை ஆட வைத்ததும் மனித குலத்துக்கு அந்த மரபு தந்த கொடை. பக்கத்து வீட்டு அந்நியனை ஆமானாக்கும் சிரிப்பு அதன் சொந்தச் சட்டத்தின்படியே குற்றம். பண்டிகையில் யாருடைய சிரிப்பு உரக்கக் கேட்கிறது என்பதைவிட, யார் வீட்டு அடுப்பு அன்று எரிந்தது என்பதே அந்தப் பண்டிகையின் தகுதியைத் தீர்மானிக்கும்.